ஒரு சாண் குறைவு

சான் பெத்ரோ,
திங்கட்கிழமை, மதியம்.

என் மகன் தியோனிசியோவுக்கு, என் நிச்சோவுக்கு,

கடவுள் உன்னையும் மரிசேலையும் பெண் குழந்தைகள் இருவரையும் காப்பாற்றட்டும். நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் எதிர்வீட்டு நெரெய்தா. காலையில் இரண்டு பேருக்குத் தலைச்சாயம் போட்டுவிட்டு, தன் அழகுநிலையத்தைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறாள். "மெதுவா சொல்லுங்கண்ணே, பஸ்ஸ விட்டுட்ட ஆளு மாதிரி ஓடுறீங்களே" என்று இப்போதே சலித்துக்கொள்கிறாள். அதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

இந்தக் கடிதத்தை அவள் கொழுந்தன் பவுலினோ கொண்டுவருவான். உன் புது ஊரில்தான் டாக்சி ஓட்டுகிறான். விடுமுறைக்கு வந்தவன் வியாழக்கிழமை திரும்புகிறான். வெள்ளிக்கிழமை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மரிசேல் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மருமகள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. விஷயம் அப்படி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய். அதுவும் ஆகஸ்டுக்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் நீ தூங்குகிறாய், குளிக்கிறாய், இல்லை என்றால் கார் ஓட்டுகிறாய். மரிசேல் பாவம், எத்தனை விதமாகத்தான் சொல்வாள்!

ஆகஸ்டில் நடந்தது என் தப்புதான். பந்து வீசுகிற அன்றைக்கு வீசுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது. எதிரே உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர்கூட வாயைத் திறக்க மாட்டான். நாற்பத்தோரு வருஷம் இந்த ஊர் பேஸ்பால் மைதானத்தில் மண்ணை வாரிச் சமன் செய்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் கூப்பிட்டேன். பதினேழு வருஷம் ஒரே அணியின் சட்டையில் பார்த்த பிள்ளையை வேறு சட்டையில் பார்க்கப் போகிறோம் என்று இருப்புக் கொள்ளவில்லை. கூப்பிட்டவன் ஆசீர்வாதம் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். "காலைக் கொஞ்சம் நீட்டி வைடா" என்றும் சொல்லித் தொலைத்தேன். அன்று முழுக்க நீ காலையே நினைத்துக்கொண்டு வீசினாய். மூன்றாவது இன்னிங்ஸிலேயே உன்னைப் பந்து வீசுகிற மேட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். மறுநாள் நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "அப்பா, மண்ணு உங்களோடது, பந்து என்னோடது. இனிமே என் ஆட்டத்துக்குள்ள வராதீங்க." நான் சரி என்றேன். இப்போது அந்தச் சொல்லை மீறுகிறேன். கோபப்பட்டுக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். போன வாரப் புயல் நம் பக்கம் வரவில்லை, மழைதான் பெய்தது. முற்றத்தில் கூரைத் தண்ணீர் விழுகிற தொட்டி நிரம்பி வழிகிறது. மளிகைக் கடை கிட்டேரியோ தன் கடைச் சுவர் முழுக்க உன் புது அணியின் சிவப்பை அடித்துவிட்டான். "பெருசு, ஒங்க பையன் தோத்துக்கிட்டே இருந்த பதினேழு வருஷமும் நீலம் அடிச்சேன். நகத்துல இன்னும் நீலம் போகல. அதுக்குள்ள செவப்பு அடிக்க வச்சிட்டான் பாரு" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறான். ஆனால் கடைக்குள் போனால் எனக்கு நாற்காலி போடுகிறான், முன்பெல்லாம் போடமாட்டான். டோமினோ ஆடுகிற கிழவர்கள்கூட உன் ஆட்டம் வந்தால் கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். பாதிரியார் பூசையில் உன் பேரைச் சொன்னார். கோப்பையை உன் கையில் பார்க்காமல் இந்த ஊர் தூங்காது என்கிறார்கள்.

இதெல்லாம் கேட்டு நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என்னால் உட்கார முடியவில்லை நிச்சோ. உன் ஆட்டத்தை நின்றுகொண்டே பார்க்கிறேன். வாசலுக்குப் போகிறேன், தொட்டி மூடியைத் திறந்து மூடுகிறேன், திரும்ப வருகிறேன். "அண்ணே, நீங்க நடக்குற நடையில என் சாயமே கலங்குது" என்கிறாள் இவள், தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு.

மூன்று ஆட்டமாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் மங்கிவிட்டதோ என்றும் தோன்றுகிறது. நாளை மதியம் நீ வீசுகிறாய். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நெரெய்தா பேனாவை மூடிவிட்டாள். "ரெண்டு பக்கம் ஆச்சு, விஷயம் இன்னும் வாசலுக்கே வரல" என்கிறாள். நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை, காலை.

நீ ஜெயித்துவிட்டாய். ஐந்து இன்னிங்ஸ் வீசி, இரண்டே ஓட்டம் கொடுத்தாய். நேற்று இங்கே ஊர் போட்ட கூச்சலைக் கேட்காதே. மோட்டார் பைக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நம் வீட்டைச் சுற்றின. கிட்டேரியோ என்னைத் தூக்கித் தோளில் வைக்க வந்தான். முழங்கால் வலியைச் சாக்கு சொல்லித் தப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம், அதில் ஜெயித்தால் உங்கள் அணி கோப்பைச் சுற்றுக்குள் போகும், தோற்றால் எல்லாரும் வீட்டுக்கு. அந்த ஆட்டத்தில் நீதான் வீசப் போகிறாய் என்று மேனேஜர் டிவியில் சொன்னார். மூன்று நல்ல இளம் பிள்ளைகளைக் கொடுத்து உன்னை வாங்கியதே இப்படி ஒரு நாளுக்காகத்தானாம்.

வர்ணனை செய்கிறவன், "வயசு ஏற ஏற இவருக்கு மூளை ஏறுது, வேகத்தக் குறைச்சு எல்லாரையும் ஏமாத்துறாரு" என்று புகழ்ந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

நீ வீசி முடித்து இறங்கியதும் எதிரணிக்காரன் மேட்டில் ஏறுவான் அல்லவா? கேமரா அப்போது மேட்டைக் கிட்டத்தில் காட்டும். அதற்காகத்தான் நான் காத்திருப்பேன். அவன் இடதுகைக்காரன், அவன் கால் ஊன்றுகிற குழி ஒரு பக்கம். உன் குழி மறுபக்கம். குழப்பமே இல்லை. வீசுகிற பலகையிலிருந்து உன் பாத அளவில் ஆறரை அடி தள்ளி விழ வேண்டிய குழி, ஒரு சாண் குறைவாக விழுந்திருக்கிறது. போன ஆட்டத்திலும் அப்படித்தான், அதற்கு முன்னாலும் அப்படித்தான். இது மூளை இல்லை மகனே. காலை நீட்டி ஊன்றினால் கை பின்னால் இழுபடும். இழுபட்டால் முழங்கைக்குள் ஊசி ஏறும். அதனால் கால் தானாகக் குறுகிக்கொள்கிறது. பிறகு நீ பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்க் குவளையை இடது கையால் எடுத்தாய். யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், இதே குழியை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

உனக்குப் பதினாறு வயது. மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. வடக்கிலிருந்து பெரிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர் பழுப்புத் தொப்பி போட்டிருந்தார், பேர் ஹாலிஸ். கூட ஒரு குள்ளமான ஆள், கையில் நோட்டு. நீ முதலில் பத்துப் பந்து வீசினாய். பந்து நன்றாகத்தான் போனது. ஆனால் அந்தக் குள்ளன் பந்தைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தான். விஷயம் தெரிந்தவன். மேட்டுக்குக் கிட்டே நடந்து வந்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன், குழி ஒரு சாண் உள்ளே இருந்தது. அதற்கு நான்கு நாள் முன்னாலிருந்தே நீ கதவை இடது கையால் திறந்துகொண்டிருந்தாய்.

நான் மண் வாரியை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் போனேன். மேட்டைச் சமன் செய்வது என் வேலை, யார் என்ன கேட்கப் போகிறார்கள்? உன் குழியை மூடினேன். தண்ணீர் தெளித்தேன். அப்புறம் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு சாண் தள்ளி என் குதிகாலால் அழுத்தித் திருகி இன்னொரு குழி போட்டேன். உன் குழி மாதிரியே, பெருவிரல் பக்கம் கொஞ்சம் ஆழமாக. குள்ளன் வந்து குனிந்து பார்த்தான். தலையாட்டினான். நோட்டில் ஏதோ எழுதினான்.

இதை இப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறேன். நெரெய்தா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அண்ணே, இத நெசமாவே எழுதணுமா?" என்று கேட்டாள். எழுது என்றேன். "பெத்த புள்ளைக்கா இப்படிப் பண்ணீங்க?" என்றாள். அதையும் எழுது என்றேன்.

அடுத்து இருபது பந்து வீசச் சொன்னார்கள். நீ வீசினாய். பதினான்காவது பந்தில் நீ கண்ணை மூடித் திறந்தாய். மதியம் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆயிற்று. உன் அம்மா காசில்தா அன்று வாழைக்காய் மசித்து, மேலே சலாமி இறைச்சி பொரித்து வைத்தாள். நீ இடது கையால் சாப்பிட்டாய், பாதி சிந்தியது. அவள் என்னிடம், "புள்ள எந்தக் கையில சாப்பிடுறான்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். "சாப்பிடுறான்ல, விடு" என்றேன். அவள் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வடக்கே போனதும் அவர்கள் உன்னை எட்டு மாதம் வீசவே விடாமல் உட்கார வைத்தார்கள். நீ புது இடம், பழக்கம் இல்லை, அதனால் என்று எங்களுக்குச் சொன்னாய். நாங்களும் நம்புகிற மாதிரி இருந்தோம். பதினாறு வயதுச் சதை, ஆறிவிட்டது. இந்தச் சுவரும் கூரையும் அந்தக் கையெழுத்தில் வந்தவை. ஒவ்வொரு நாளும் இதற்குள்தான் படுத்து எழுந்திருக்கிறேன்.

இப்போது உனக்கு முப்பத்தெட்டு. இந்த வயதில் அறுந்தது ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை நூறு பந்து வீச வேண்டும். முதல் முப்பதில் சமாளிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் கை போனால் உன் கை மட்டும் போகாது. ஏப்ரலிலிருந்து அங்கே உழைத்த இருபத்தைந்து பேரின் ஆட்டமும் சேர்ந்து போகும். நீ ஜூலை கடைசியில் போய்ச் சேர்ந்தவன். அவர்கள் உன்னை நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

நீ டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வேறு ஒருவன் வீசுவான். அவர்கள் கோப்பை வாங்கினாலும் நீ பெஞ்சிலிருந்து கைதட்டுவாய். ஒருவேளை நீ இனி ஒரு பந்துகூட வீசாமலே சட்டையைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். பதினேழு வருஷம் தோற்ற அணியோடு பொறுமையாக இருந்துவிட்டு, கடைசியில் ஒரு வாய்ப்பு வந்து, அதையும் அப்பா கெடுக்கிறாரே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். கிட்டேரியோவும் பாதிரியாரும் ஊரும் என்னைத் திட்டட்டும். நான் ஒரு நாற்காலி இல்லாமல் நின்றுகொள்கிறேன்.

மைதானத்தில் மண் வாருகிற ஒருவன் அங்கேயும் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை உன் குழியைப் பார்ப்பான். அவன் வாயை மூடிக்கொண்டால் அவன் வேலை அது. நான் மூடிக்கொண்டதற்குப் பெயர் வேறு.

வீசாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீ வீசினால் நான் பார்ப்பேன், முழுவதும் பார்ப்பேன், தொட்டிப் பக்கம் போக மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு மேட்டில் உன் பக்கத்தில் நின்றேன், ஒரு கை நீட்டினால் உன் தோள். கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய், சொன்னால் நான் உன்னை இறக்கிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் வாரியைப் பார்த்தேன்.

பவுலினோவின் போன் எண்ணை நெரெய்தா தாளின் மறுபக்கம் எழுதியிருக்கிறாள். அவனிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பினாலும் போதும். போதாது, ஆனாலும் பொறுத்துக்கொள்வேன்.

உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன்னோடு இருக்கட்டும். கடவுள் உன் தலையிலும் தோளிலும் கை வைக்கட்டும். உண்மையைச் சொல். நான் திட்ட மாட்டேன், அழமாட்டேன், ஊரில் யாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

கை வலிக்கிறதா, நிச்சோ?

உன் அப்பா
அன்செல்மோ