யாரும் பிடிக்க வேண்டாம் என்றார்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், அம்மா முந்தாநாளிலிருந்து சாப்பிடுகிறாள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

அம்மாவுக்கு ஷாக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ வேண்டவே வேண்டாம் என்றாய், தெரியும். முப்பத்திரண்டு வருஷம் மனநல ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்துவிட்டு, சாப்பிட உட்காரும்போதெல்லாம் கதை கதையாக அளந்து உனக்கும் அம்மாவுக்கும் அந்தப் பயத்தை ஊட்டினவனே நான்தானே. ஆனால் மூன்று மாசமாக அவள் வாய் திறக்கவில்லை, எந்த மாத்திரைக்கும் நோய் கேட்கவில்லை, கடைசியில் தண்ணீரையும் துப்ப ஆரம்பித்துவிட்டாள். இனிமேலும் தள்ளிப்போட்டா ஆளே தேற மாட்டாங்கய்யா என்று டாக்டரம்மா சொன்ன பிறகு நான் என்னதான் செய்வேன், சொல்லு.

முதல் தடவை, பழைய ஆள் என்ற மரியாதைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். எங்கள் காலத்தில் மயக்க ஊசி ஏது, தோளுக்குப் பயில்வான் மாதிரி ஒருத்தன், இடுப்புக்கு இரண்டு பேர், முழங்காலுக்கு நான். வாயில் ரப்பர் துண்டை வைத்துக் கரண்ட்டைக் கொடுத்தால் உடம்பு தூக்கிப் போடும், நாங்கள் மேலே விழுந்து அமுக்குவோம். ஒரு காலையில் இருபது பேர், நடுவில் ஒரு திரைகூட இல்லை, அடுத்தவன் பார்த்துக்கொண்டே நிற்பான். ஒரு தையல்காரருக்கு முதுகெலும்பு முறிந்தபோது நீ ஒழுங்கா பிடிக்கலைன்னு என்னைத்தான் ஏசினார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மாவுக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் டாக்டரம்மா மெஷின் பக்கம் திரும்பினதும் என் கை அது பாட்டுக்குப் போய் அவள் முழங்கால் இரண்டையும் அமுக்கிவிட்டதம்மா! ஐயா கைய எடுங்க, யாரும் பிடிக்க வேண்டாம் என்றார்கள். எடுத்தேன். அவள் கால் கட்டைவிரல் மட்டும் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

இந்த ஊசியெல்லாம் எப்போது வந்தது என்று வெளியே வந்து ஒரு நர்ஸிடம் கேட்டேன். நீங்க வேலைக்குச் சேருறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சே என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக. மயக்க மருந்து டாக்டர் இல்லை என்று எங்கள் ஆஸ்பத்திரியில் போடவே இல்லையாம். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேரை அமுக்கியிருப்பேன், ஐயோ, அத்தனையும் தேவையே இல்லாமல்!

நேற்று நாலாவது தடவை முடிந்தது. போன வாரம் நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை, வந்துவிடும் என்கிறார்கள். மத்தியானம் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டுக்குக்கூட நான் பயப்படலைங்க, நீங்க வந்து என் காலைப் பிடிப்பீங்களோன்னுதான் பயந்து கிடந்தேன், நல்லவேளை நீங்க பிடிக்கல என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவளே எடுப்பாள். நான் பிடித்ததை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா