சார்ஜண்டின் ஆட்சி கவிழ்ந்த திங்கட்கிழமை

டார்ம்ஸ்டாட், 13 செப்டம்பர் 1971, திங்கள்

காலையிலிருந்து தூறல். சேலைக் கரை முழுக்கச் சேறு. ஹீட்டர் அக்டோபரில்தான் போடுவார்களாம். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே உலர்த்தினேன்.

முதல் வகுப்பு முடிந்தது. அமெரிக்கப் படை முகாமில் மாலைநேரக் கல்லூரிப் படிப்பு. பாடம்: அமெரிக்க அரசாங்கம். இதை இனிமேல் இங்கே அ.அ. என்றே எழுதப்போகிறேன். மாணவர்கள் எல்லாரும் சிப்பாய்கள். நடத்த வேண்டிய பேராசிரியருக்குத் திடீரென்று இதய ஆபரேஷன். அரசியல் எம்.ஏ. படித்த வேறு ஆள் பக்கத்தில் இல்லை. அதனால் நான். மதுரையில் நான்கு வருஷம் பி.ஏ. பெண்களுக்கு இந்திய அரசியல் சட்டம் நடத்தியவள். கல்யாணமாகி வந்த பிறகு இங்கே சாம்பார் மட்டும் வைத்துக்கொண்டிருந்தவள்.

முன்வரிசையில் ஒரு சார்ஜண்ட். நாற்பது வயது இருக்கும். எழுந்து நின்று கேட்டார்.

"மேடம், நீங்க அமெரிக்கா போயிருக்கீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

உட்கார்ந்துவிட்டார். 'உங்கள் அரசியல் சட்டம் மதுரை லைப்ரரியிலும் கிடைக்கும்' என்று சொல்லியிருக்கலாம். டிராமில் வரும்போதுதான் தோன்றியது. வழக்கம்போல.

16 செப்., வியாழன்

நல்ல வெயில். மாடிப்படி துடைக்கும் முறை இந்த வாரம் எங்களுடையது. துடைத்தாயிற்று. கீழ்வீட்டு அம்மாள் விரலால் தடவிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அ.அ., பட்ஜெட் பாடம். மானம் போயிற்று.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "சபை பட்ஜெட்டைத் தோற்கடித்தால் ஜனாதிபதி ராஜினாமா செய்துவிட்டுப் போகவேண்டியதுதான்" என்று அடித்துச் சொன்னேன். அது நம் ஊர் வழக்கம். பிரதமருக்கு உள்ளது. நாலு வருஷம் அதையே சொன்ன வாய், தானாக ஓடிவிட்டது. அமெரிக்காவில் பட்ஜெட்டைச் சபை கிழித்துப் போட்டாலும் ஜனாதிபதி தன் காலம் முடியும்வரை அசையமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? கரைத்துக் குடித்திருக்கிறேன்.

சார்ஜண்ட் கையைத் தூக்கினார். "ஐடியா நல்லாத்தான் இருக்கு மேடம். வாஷிங்டனுக்கு எழுதிப் போடுங்க."

வகுப்பே சிரித்தது. திருத்திச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

இவர் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். இவரும் சிரிக்கிறார். "ஒரு ஸ்லிப்தானே? இதுக்குப் போய் அப்செட் ஆவாங்களா? விடு." விடச் சொல்வது சுலபம். ராத்திரிக்கு ரொட்டியும் ஜாமும்தான். இவருக்கும்.

17 செப்., வெள்ளி

கீழ்வீட்டில் எனக்குப் போன். முகாமில் படிப்பு அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் எச். விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போய்விட்டது. கல்லூரியின் ஹைடல்பர்க் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி திங்களன்று வந்து என் வகுப்பில் உட்காருவாராம். அவருக்குத் திருப்தி என்றால் டிசம்பர்வரை வகுப்பு என்னுடையது. இல்லையென்றால் அன்றோடு சரி. "நான் உங்க பக்கம்தான். முடிவு என் கையில இல்ல" என்றாள்.

இந்த வகுப்பு எனக்கு வேண்டும். இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. வேண்டும், வேண்டும்.

19 செப்., ஞாயிறு

மேகமூட்டம். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

இவர் யோசனை: "புக்கை அப்படியே படிச்சிடு. ஆஃபீஸர் முன்னாடி ரிஸ்க் எடுக்காத."

"படிச்சா போன வாரத்துத் தப்பு மறைஞ்சிடுமா?"

"மறையாது. புதுசா ஒண்ணு வராதுல்ல?"

நியாயம்தான். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது வேறொன்று தோன்றியது. அந்தத் தப்பையே பாடமாக நடத்தினால் என்ன?

நாளைக்கு:
சாக்பீஸ் (அங்கே எப்போதும் இருக்காது)
நூல் சேலை போதும், பட்டு வேண்டாம்
மேஜைகளை இரண்டு பக்கமாகப் போட
பயப்படக் கூடாது

20 செப்., திங்கள்

மழை. ஆனால் என்ன நாள்.

அதிகாரி கடைசி வரிசையில். வழுக்கை, மடியில் காகிதம். ஆரம்பித்தேன். "போன வாரம் நான் சொன்னது உங்க நாட்டுக்குத் தப்பு. எங்க நாட்டுக்குச் சரி. ஏன்னு இன்னைக்கு நடத்திப் பார்ப்போம்."

இடப்பக்கம் அமெரிக்கா, வலப்பக்கம் இந்தியா. இரண்டுக்கும் ஒரே பட்ஜெட்: கேன்டீனில் எல்லாருக்கும் இலவசக் காபி. இந்தியாவின் பிரதமர் யார்? சார்ஜண்ட்தான். அவரை விடுவேனா?

இடப்பக்கம் ஓட்டெடுத்துக் காபியை வெட்டியது. ஒஹையோவிலிருந்து வந்த ஒரு சின்னப் பையன்தான் அங்கே ஜனாதிபதி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். வலப்பக்கம் சார்ஜண்ட் கட்சியிலேயே இரண்டு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள். பட்ஜெட் தோற்றது.

"எழுந்திரிங்க" என்றேன்.

"எதுக்கு?"

"உங்க ஆட்சி போச்சு."

"இப்பவேவா? நான் வந்து பத்து நிமிஷம்கூட ஆகலையே?"

"இப்பவே."

எழுந்தார். வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. நின்றபடியே இடப்பக்கம் கைகாட்டினார். "அவனும்தான் தோத்தான். அவன் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கான்?"

"அதை நீங்கதான் சொல்லணும். உங்க நாடு."

யோசித்தார். பதிலை நானே சொல்லிவிடாமல் பிடித்துக்கொண்டேன், அதுதான் கஷ்டம். பிறகு மெதுவாகச் சொன்னார். "சட்டம் எழுதின எங்க ஆளுங்க ராஜாவுக்கும் பயந்தாங்க, சபைக்கும் பயந்தாங்க. அதான் ஒருத்தர ஒருத்தர் லேசுல வீட்டுக்கு அனுப்ப முடியாம வெச்சாங்க. வேலை மெதுவாத்தான் நடக்கும். ஆனா திடீர்னு எதுவும் கவுந்துடாது." நான் நடத்த வேண்டிய பாடம் அதுதான். என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி. இந்தியாவில் ஒருவர் கட்சி மாறினால் என்ன ஆகும், யார் அடுத்த பிரதமர், இரண்டில் எது மேல். நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

போர்டைத் துடைக்கும்போது வாசலில் அதிகாரி குரல். "வகுப்பு எப்படி, சார்ஜண்ட்?"

"என் ஆட்சியக் கவுத்துட்டாங்க, சார். வியாழக்கிழமை வந்து திரும்பப் பிடிக்கணும்."

டிராமில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த கிழவர் ஒரு மாதிரி பார்த்தார். பெருமையாக இருக்கிறது. ரொம்பப் பெருமை. எழுத வெட்கமில்லை.

22 செப்., புதன்

மறுபடி தூறல். பதினொரு மணிக்குக் கீழ்வீட்டில் போன். மிஸஸ் எச். டிசம்பர்வரை அ.அ. என்னுடையதே. அதோடு ஜனவரியிலிருந்து அரசாங்கக் கொள்கை பற்றி இன்னொரு வகுப்பும் எடுக்க முடியுமா என்று அதிகாரி கேட்கச் சொன்னாராம். அதற்கு வாரம் நாலு மாலை போய்விடும்.

"வீட்டுக்காரரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க."

"கேக்க வேண்டாம். என் பேரை எழுதிக்குங்க."

போனை வைத்தேன். இவர் ஆறு மணிக்கு வருவார். முடிவு அவருக்குத் தெரிவிக்கப்படும்.