ஈரச் சூளைக்கு நாள் குறித்தவன்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

பெரிய பேரன் பேங்குல ஆபீசர். சின்னவன் டாக்டருக்குப் படிக்கிறான். பேத்தி கவிதாவுக்குச் சென்னையில உத்தியோகம். பெரிய கம்பெனிங்க போடுற வேலை ஷெட்யூலைச் சரிபார்த்துத் தப்பு சொல்லணும்.

லீவுக்கு வந்திருந்த அவளைத்தான் இன்னிக்கி எங்க களிமண் பொம்மைக் கம்பெனியில, புதுச் சூளை கட்ட வந்த இன்ஜினியரு கேலி பண்ணான். அவன் போட்ட ஷெட்யூல்ல சூளை கட்டி முடிச்ச மறுநாளே தீ போடணுமாம்.

"ஈரம் காய நாளே விடலியே சார், எதிர்ல நிக்கிறவங்க மேல வெடிக்குமே"ன்னா.

"நீ கம்ப்யூட்டரைப் பாரும்மா, சூளையை நான் பாத்துக்கறேன்"ன்னு இளிச்சான். என் மவனும் கூடச் சேர்ந்து சிரிச்சான். புள்ள அழுதுகிட்டே பஸ்ஸு ஏறிட்டா.

விடிஞ்சா தீ போடுறாங்களாம். போடட்டும் பாக்கலாம். சூளைக்கு கேஸ் திறந்து விடுற ரூம் சாவி என் இடுப்புல இருக்குது. மவன் கால்ல விழுந்தாலும் தரமாட்டேன்.

கவிதாவைப் புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பச் சொல்லணும். பெருசா. அந்த இன்ஜினியரு உக்கார்ற சேருக்கு நேர் எதிர்ல மாட்டணும்.