பாரசீகத்து மலையடியில் ஓர் அஷ்டமி

உத்திரமேரூர்,
6-3-2025, வியாழக்கிழமை
(குரோதி வருடம், மாசி மாதம் 22)

அன்பு மகள் சசிரேகாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் வேளைக்கு உண்டு, வேளைக்குப் படுத்து, உடம்பைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லாமல் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை புருஷோத்தமனும் குழந்தை நிஷாவும் ரோட்டர்டாம் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாய். அதையே உன் கையெழுத்தில் ஒரு வரியாகக் கண்டால்தான் எனக்கு நிறைவு. ஏரிக்கரைக் கழனியில் நவரைப் பயிர் கதிர் விட்டிருக்கிறது. கிணற்று மோட்டார் சென்ற மாதம் 11 ஆம் தேதி பழுதாகி 13 ஆம் தேதி சரி செய்யப்பட்டது. மானாம்பதியிலிருந்து உன் அத்தை செங்கேணி ஞாயிறுதோறும் வந்து இரண்டு நாளைக்கு வேண்டிய குழம்பை வைத்துவிட்டுப் போகிறாள். முழங்கால் வலி என்கிறாள், வைத்தியம் பார்க்கச் சொன்னால் கேட்பதில்லை. வேறு செய்தி இல்லை.

நீ என்னிடம் மூன்று கேட்டிருக்கிறாய். ஈரான் பயணத்தைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னது பிப்ரவரி 27, நான் ஊர் திரும்பிய மறுநாள். நல்லா இருந்தது என்று நான் சொன்னதற்கு, "இன்னா நைனா, பத்து நாளு ஊர் சுத்திட்டு வந்து ஒத்த வார்த்தையில முடிச்சிட்ட?" என்று கோபித்துக்கொண்டாய். உன் அம்மாவுக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர் மீது நீ தயாரித்த புகார் மனுவில் என் கையொப்பம் கேட்டது மார்ச் 1. வருஷத் திதிக்கு நீ புறப்பட்டு வர ஒரு நல்ல நாள் பார்க்கச் சொன்னது மார்ச் 3. மூன்றுக்கும் இக்கடிதத்திலேயே பதில் எழுதுகிறேன். தொலைபேசியில் எனக்குப் பேச வராது. நாற்பத்தோரு வருடம் பத்திரம் எழுதிய கை. தாளில் எழுதினால்தான் எனக்கே எது உண்மை என்று நிச்சயமாகிறது.

முதலில் பயணம். நீ பணம் கட்டி ஏற்பாடு செய்தபோது செங்கேணி ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்றாள். "அண்ணி போயி வருசம் திரும்பல, கோயிலுக்குப் போவக்கூடாது, மலை ஏறக்கூடாது, நீ இன்னா கப்பலேறிப் போறன்னு கெளம்பிக்கினு கீற?" என்றாள். கப்பல் இல்லை, விமானம் என்று திருத்தினேன். நான் காணப் போவது அரண்மனைகளும் கல்லறைகளும், வழிபாட்டுத் தலம் ஒன்றும் இல்லை, ஆகவே தடை இல்லை என்று விளக்கினேன். "நீ கோர்ட்டுல பேசுற மாதிரி பேசினா நான் இன்னா பண்றது" என்று விட்டுவிட்டாள். 1974 ஆம் ஆண்டு, எனக்கு எழுத்து பழக்கிய பத்திர எழுத்தரின் அறையில் ஒரு நாட்காட்டியில் பெர்சபொலிஸ் அரண்மனைத் தூண்களின் படத்தைக் கண்டதிலிருந்து எனக்கிருந்த ஆசை என்பதை நீ அறிவாய். அம்மா கேலி செய்வாள். "அந்தக் கல்லைப் பாக்கறதுக்கு மின்னாடி, இத்தோ கீற மாகறல் கோயிலுக்கு ஒருக்கா இட்டுக்கினு போ" என்பாள். மாகறல் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்கும் நான் நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து புறப்பட்டோம். மொத்தம் பதினாறு பேர். என்னுடன் ஒரே அறையில் தங்கியவர் ஓரிக்கையைச் சேர்ந்த டேனியல், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு இரண்டு வயது இளையவர். ஓயாமல் பேசுவார், கெட்ட மனிதர் அல்லர். தெஹ்ரானில் அருங்காட்சியகம் பார்த்தோம். ஷிராஸ் போனோம். பசர்காதே என்ற இடத்தில் சைரஸ் மன்னனின் கல்லறை இருக்கிறது. ஆறு அடுக்குக் கல்மேடை, அதன் மேல் வீடு போன்ற ஒரு சிறு அறை, உள்ளே ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன், சுற்றி வந்தேன், மணி குறித்துக்கொண்டேன். இஸ்ஃபஹானில் முப்பத்து மூன்று வளைவுகள் கொண்ட பாலம் கண்டோம். அதன் கீழே ஆற்றில் சொட்டு நீர் இல்லை. டேனியல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "யோவ் வேதகிரி, நம்ம பாலாறு மாறியே கீதுய்யா! இதைப் பாக்கறதுக்கு நம்ம ஊரு பாலத்து மேலயே நின்னுக்கினு இருந்திருக்கலாமே" என்றார். அனைவரும் சிரித்தார்கள். நானும் உடன் சிரித்தேன். ஆனால், சசி, உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன்: எதைப் பார்த்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பின் கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஐம்பது வருட ஆசை கண் முன்னே நின்றது. அது வேறு யாருடைய ஆசையோ என்று இருந்தது.

தக்த்-இ-ஜம்ஷித் என்று அவர்கள் சொல்லும் பெர்சபொலிஸ் அரண்மனையை நாங்கள் கண்டது பிப்ரவரி 20, வியாழக்கிழமை. இஸ்ஃபஹானுக்கு முன்னரே எழுதியிருக்க வேண்டியது. தேதி வரிசை தவறி நான் எழுதுவது இதுவே முதல் முறை, பொறுத்துக்கொள். வாயிலுக்கு ஏறும் படிக்கட்டில் படிகளை எண்ணினேன், நூற்றுப் பதினொன்று. ஒவ்வொரு படியும் தாழ்வாக, வயதானவர்களும் மூச்சு வாங்காமல் ஏறும்படி இருக்கிறது. கட்டத் தொடங்கியது கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 518 ஆண்டுகளுக்கு முன்பு என்று வழிகாட்டி அம்மையார் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார். நம் ஊர்க் கோயில் கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டும் நாளும் தெளிவாக வெட்டப்பட்டிருப்பதை எண்ணிக்கொண்டேன். அந்தச் சுவரையும் பத்து மாதங்களாக வெளியே நின்றுதான் பார்க்கிறேன். ஒரு செய்தி மட்டும் என் காதில் தங்கியது. பெரிய மண்டபத்தின் மூலைகளில் அஸ்திவாரத்துக்கு அடியே கல்பெட்டிகளில் பொன் தகடும் வெள்ளித் தகடும் வைத்திருந்தார்களாம். 1933 இல் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் டேரியஸ் மன்னன் தன் ராஜ்யத்தின் எல்லைகளை எழுதியிருக்கிறான், அதில் ஒன்று சிந்து. இன்னது முதல் இன்னது வரை எனக்குரியது என்ற வாசகம். அது ஒரு பத்திரம். நான்கெல்லையும் சரியாகக் கூறப்பட்டிருக்கிறது. எழுதியவன் தொழில் தெரிந்தவன்.

கிழக்குப் படிக்கட்டின் சுவரில், மன்னனுக்குக் காணிக்கை கொண்டுவரும் இருபத்து மூன்று நாட்டாரைச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் நம் நாட்டாரும் உண்டு. தலைவரைத் தவிர மற்றவர் மேலுடம்பில் ஒன்றுமில்லாமல், இடுப்பில் வேட்டியோடு நிற்கிறார்கள். ஒருவர் தோளில் காவடி போல இரண்டு கூடைகள், கூட ஒரு கழுதை. டேனியல் கத்தியே விட்டார். "யோவ், நம்ம ஆளுங்கய்யா! இந்தக் குளுருல சட்டையில்லாம வந்து நிக்கிறான் பாரு, நம்மள மாறியே ஊர் தெரியாம வந்து மாட்டிக்கினான்" என்றார். நான் கவனித்தது வேறு. ஒவ்வொரு கூட்டத்தின் தலைவரையும் அரண்மனை ஆள் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார். இருபத்து மூன்று பேருக்கும் அப்படியே. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றதாக டேனியல் பிறகு சொன்னார். எனக்கு அது தெரியவில்லை.

அரண்மனைக்குப் பின்னே மலை. மலைச்சரிவில் இரண்டு அரச கல்லறைகள் குடையப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஏறினார்கள். வருஷம் முடியாததால் நான் மலை ஏறுவதற்கில்லை என்றேன். "இதெல்லாம் ஒரு மலையாய்யா? எங்க வூட்டு மாடிப்படியே இதவிட ஒசரம். எந்த சாமி வந்து இங்க உன்னக் கணக்கு கேக்கப்போவுது?" என்றார் டேனியல். இருந்தாலும் கீழேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி அம்மையாரும் ஏறாமல் என்னருகில் உட்கார்ந்தார். நான் சட்டைப் பையிலிருந்து பாக்கெட் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். காலை பத்து மணிக்குச் சற்று முன்பு அஷ்டமி பிறந்திருந்தது. அது என்ன புத்தகம் என்று அவர் கேட்டார். எந்த நாளில் எதைத் தொடங்கக்கூடாது என்று சொல்லும் புத்தகம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, உங்கள் நாட்டில் ஆகாத நாள் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அவர்களுடைய புத்தாண்டு மார்ச் மாதம் 20 அல்லது 21 இல் பிறக்கிறது. அதிலிருந்து பதின்மூன்றாம் நாள் ஆகாத நாளாம். அன்று என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவோம், ஆற்றங்கரை, தோட்டம் என்று எங்காவது இருந்துவிட்டுப் பொழுது சாயும்போதுதான் திரும்புவோம், அன்று வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதுதான் கெடுதல் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் பஞ்சாங்கத்தை மூடிப் பையில் வைத்தேன். கண்ணில் நீர் வரவில்லை. பகல் ஒன்று ஐந்துக்கு எல்லோரும் இறங்கி வந்தார்கள். சாப்பிடப் போனோம்.

இனி இரண்டாவது, உன் மனு. அதில் மூன்றாவது பத்தியில், "30-4-2024 அன்று பரிசோதித்த மருத்துவர், நோயின் கடுமையை உணராமல் மூன்று நாள் கழித்து 3-5-2024 அன்று வந்து சேரும்படி கூறியதால் என் தாயார் உயிரிழந்தார்" என்று எழுதியிருக்கிறாய். இந்த வாசகம் பொய். பொய்யை உனக்குச் சொன்னவன் நான். 30-4-2024, செவ்வாய்க்கிழமை, சப்தமி. அன்று காலை பதினொன்று இருபதுக்கு அந்த மருத்துவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஐயா, இன்னிக்கே சேத்துடுங்க. முடியலன்னா நாளைக்குக் காலைல. அதுக்கு மேல ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க." சீட்டிலும் 1-5-2024 என்று தேதி போட்டுக் கொடுத்தார். நான் மருத்துவமனைப் படியில் நின்று பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். புதன் அஷ்டமி, வியாழன் நவமி, வெள்ளி தசமி. இதயத்தில் சிகிச்சை, அஷ்டமியில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேருடைய பத்திரப்பதிவை அஷ்டமி, நவமி கழித்து நான் வைத்துக் கொடுத்திருக்கிறேன், எதுவும் கெட்டதில்லை. அம்மா படி இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். என் ஒரு கையில் சீட்டும் மறு கையில் பஞ்சாங்கமும் இருந்தன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். புதன்கிழமை காலை, "இன்னாவோ மாதிரி கீதுங்க, இன்னிக்கே போய்ட்லாமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். இரண்டு நாள் பொறு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வந்த செங்கேணியிடம், "அவரு நாளு பாத்து வச்சிக்கீறாரு, வெள்ளிக்கெழம போறோம்" என்று சொல்லிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அதில் குறையே இல்லை. வியாழன் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு முடிந்துவிட்டது. உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, டாக்டர்தான் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார் என்று என் வாய் சொல்லிவிட்டது. நீ நான்காம் நாள் வந்து அழுதபோது அதைத் திருத்தவில்லை. பதினாறாம் நாள் கருமாதியிலும் திருத்தவில்லை. பத்து மாதங்கள் நான்கு நாட்கள் ஆகின்றன.

அந்த மருத்துவர் முப்பது வயதைத் தாண்டாதவர். உன் மனு போனால் அவருக்கு என்ன நேரும் என்று எனக்குத் தெரியும். நாற்பத்தோரு வருடத்தில் பொய்யென்று அறிந்து ஒரு வாசகத்தை நான் எழுதியதில்லை. ஆகவே மனுவைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புகிறேன். சீட்டின் நகலையும் வைத்திருக்கிறேன். தேதியை நீயே பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். செங்கேணிக்கு எல்லாம் தெரியும். அவள் இன்றுவரை இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள்.

மூன்றாவது, நீ புறப்பட நாள். வருஷத் திதி 22-4-2025, செவ்வாய்க்கிழமை, சித்திரை 9, தேய்பிறை நவமி. அதை மாற்ற எவராலும் ஆகாது. ஆனால் நீ புறப்படும் நாளை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். இதைப் படித்த பிறகும் என்னோடு உட்கார்ந்து அம்மாவுக்குச் செய்ய உனக்கு மனம் இருக்குமானால், எந்த நாளில் இடம் கிடைக்கிறதோ அந்த நாளில் புறப்படு. எந்த நாளானாலும், எந்த நேரமானாலும் விமான நிலைய வாசலில் நிற்பேன். மனம் இல்லையென்றால் அதையும் நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எள்ளும் தண்ணீரும் நான் ஒருவனே இறைத்துக்கொள்கிறேன். திதி முடிந்த மறுநாள், 23 ஆம் தேதி, மாகறல் போகலாம் என்றிருக்கிறேன். அன்று என்ன திதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தது போதும்.

நிஷாவுக்கு நீ சொன்ன பால்பல் விழுந்ததா என்று எழுது. வருவதானால் குழந்தைக்குப் பருத்தி உடையாக எடுத்து வா. சித்திரை வெயிலை அவள் தாங்க மாட்டாள். நெஞ்சு எரிச்சல் என்று சொன்னாயே, அதை அலட்சியப்படுத்தாதே. மருத்துவர் என்றைக்கு வரச் சொல்கிறாரோ அன்றைக்கே போ. இன்று பகல் பதினொன்று அடிக்க இருக்கும்போது எழுதத் தொடங்கினேன், அஷ்டமி பிறந்துவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை, நவமி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் தபால் நிலையத்தில் கூட்டம் இருக்காது. அப்போது கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடு வாழ அம்மாவின் பேரால் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தந்தை,
வேதகிரி

இணைப்பு:
மருத்துவர் சீட்டின் நகல், தாள் 1.
புகார் மனு, கையொப்பம் இல்லாமல், தாள் 3.