உள்ளுக்கு இருக்கிறது என் மக

தெரணியகலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நஸ்லினுக்கு,

நானும் வீட்டாரும் நலம். நீயும் உன் உம்மாவும் நலமாக இருக்க வேண்டுமென்று காலையில் கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

கொழும்பில் கார்ட்டூன் படம் வரைகிற வேலையை விட்டுவிட்டு அரசாங்க வேலைக்குப் போய்விட்டாயே, பயந்துதானே போனாய் என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

பயம்தான். மறைக்கவில்லை. நம் கம்பெனி மூடுவதும் திறப்பதுமாக இருந்தது உனக்குத் தெரியும். மூடினால் நீ உன் வீட்டுக்குப் போவாய். எங்களுக்கு இருந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று, அந்த லயத்துக் காம்பரா மட்டும். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அதில் இருக்கலாம். அப்பாவுக்கு முழங்கால் போனதும், இனி யார் வேலைக்கு வருவது என்று தோட்டத்து ஆபீசில் கேட்டார்கள். தம்பி அருள்தாஸ் மெக்கானிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு றப்பர் பால் வெட்டப் போனான். "நீ படம் வரை அக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றான். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கோடுகூட நேராக வரவில்லை. அந்த வாரமே மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன்.

நியமனம் வந்ததும் டவுனில் வாடகைக்கு வீடு கிடைத்தது. அரசாங்க வேலை என்றதும் வீட்டுக்காரர் வேறொன்றும் கேட்கவில்லை. காம்பராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அருள்தாஸ் மறுபடி படிக்கப் போகிறான். சாப்பிடும்போதுகூட என்ஜினைப் பற்றித்தான் பேச்சு. அம்மா போதுமடா என்கிறார், அவன் நிறுத்துவதில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், நஸ்லின். அந்தச் சந்தோஷத்தில் என் பங்கும் இருக்கிறது.

போன வாரம் லயத்தில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த தங்கம்மா அக்கா நான் வேலை செய்கிற பிரதேச செயலகத்துக்கு வந்தார். சிங்களம் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அதனால் எப்போதும் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வருவார். அன்று தனியாக வந்திருந்தார். "நீ இருக்கேன்னுதான் ஒத்தையா வந்தேன்" என்றார். அவர் வேலையை முடித்துக்கொடுத்து வெளியே கூட்டிவந்தால், வாங்குப் பலகையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வருவதாக என்னிடம் சொல்லவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி, "உள்ளுக்கு இருக்கிறது என் மக" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அன்று முழுக்க நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

வேலை பிடித்திருக்கிறதா என்று மட்டும் நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி.

என்மேல் உள்ள கோபம் ஆறியதும் ஒரு பதில் போடு. நீ இப்போது வரைகிறதை எனக்கு அனுப்பு. வரைந்து முடிக்காததாக இருந்தாலும் அனுப்பு, நான் பார்க்க வேண்டும். உன் வரைதல் ஒருநாளும் நின்றுவிடாமல் ஆண்டவர் காப்பாராக.

உன் தோழி,
ஏஞ்சலின்