சம்பந்தி வண்டியில் நீ கேட்காதது

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே அந்த நாற்றம் வந்துவிட்டது. கருகிய இரும்பும் ரப்பரும் கலந்து, தொண்டையில் போய் உட்காருகிற நாற்றம். முன் சக்கரத்திலிருந்து வந்தது. வந்தவர்கள் என் மகளை, அதாவது உன் மருமகளைப் பெண் பார்க்க வந்தவர்கள். நான் கையைக் கூப்பி வாங்க வாங்க என்று சொல்ல வேண்டிய நேரத்தில் குனிந்து சக்கரத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். பெண்ணைப் பெற்றவன் செய்கிற காரியமா அது?

அந்த நாற்றத்தை எனக்குப் பழக்கியவன் நீ. உன்னைக் கொண்டுபோனதும் அதுதான். இத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் அந்த வாசலிலேயே தலைக்கு ஏறியது. பாதி கோபம் அவர்கள் மேல், பாதி உன் மேல். உன் பங்கை உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மறைமலைநகரில் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட், ஒரே கம்பெனி பஸ். நான் உன் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகும் நமக்குள் நீ, நான் என்றுதான் பேச்சு. அந்தப் பழைய காரை வாங்கியதும் நீ மட்டும் வேறு ஆளாகிவிட்டாய். பெட்ரோல் போட்டால் பம்ப் தானாக நிற்கிற வரைக்கும் டேங்கை நிரப்புவாய். மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரை எழுதுவாய், எத்தனை லிட்டர் என்று எழுதுவாய். அடுத்த தடவை மறுபடி நிரப்பி, கழித்து, வகுத்து, லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்று பார்ப்பாய். இன்ஜின் ஆயில் மாற்றியது, டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது, பிரேக் பார்த்தது, ஒன்று விடாமல் எழுதுவாய். அந்த நோட்டில் ஒரு பால்பாயின்ட் பேனாவை நூல் போட்டுக் கட்டிவைத்திருந்தாய், யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. உன் நோட்டை யார் திருடுவான்?

சிங்கப்பெருமாள் கோயில் பங்க்கில் ஒரு சித்திரை மாத மத்தியானம். பின் சீட்டில் பிள்ளைகள். உன் தங்கை முந்தானையால் விசிறிக்கொண்டே கத்தினாள். "அண்ணா, புள்ளைங்க வெந்துகினு கீதுங்க. வண்டிய எடு!"

"இரும்மா. மீட்டர் எழுதாம வண்டி நவுராது."

"இன்னா மச்சான், காருக்கு ஜாதகமா எழுதற?" என்றேன் நான்.

நீ நிமிரக்கூட இல்லை. "ஜாதகம் நடக்கப்போறத சொல்லும், அதுவும் தப்பா சொல்லும். இது நடந்தத சொல்லும்."

அப்புறம் ஒரு வாரம் என்னிடம் காரைக் கொடுத்து, கணக்கை எழுது என்றாய். நானும் அக்கறையாகத்தான் எழுதினேன். லிட்டருக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வந்தது. நடுவில் இரண்டு தடவை பெட்ரோல் போட்டதை எழுத மறந்துவிட்டேன். பத்தாவதில் நான் கணக்கில் கரையேறியதே திருத்தினவரின் தயவு என்பது உனக்குத் தெரியாததா? "கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சா உன்ன தூக்கினு போயி எம்.டி. ஆக்கிடுவான்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லி என் மானத்தை வாங்கினாய்.

ஆனால் நோட்டில் விஷயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. எப்போதும் பதினாறு ஓடுகிற வண்டி பதினைந்து ஆயிற்று, அடுத்த தடவை பதின்மூன்று. வண்டிதான் ஓடுதே, விடு என்றேன். "ஏதோ ஒண்ணு புடிச்சி இழுக்குதுடா" என்று திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் என் புறங்கையைக் கொண்டுபோகச் சொன்னாய். மூன்று வெதுவெதுப்பு. நாலாவது தோசைக்கல். அங்கேதான் அந்த நாற்றமும்.

"இத மறக்காத. நாம கால எடுத்தாலும் பிரேக் வுடாம புடிச்சிகினே ஓடுது. சூடு ஏறி ஏறி பிரேக் ஆயில் கொதிச்சிடும். அப்புறம் மிதிச்சா உள்ள ஒண்ணும் இருக்காது, காத்துதான்."

அன்றைக்கே மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனாய், சரிசெய்தாய், எழுதினாய். அவ்வளவு தெரிந்தவன் நீ. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாதவன் போயிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன்.

உன் மகளுக்குத் தலைப்பொங்கல். காணும் பொங்கலுக்குச் சம்பந்தி மதுராந்தகத்திலிருந்து அவருடைய காரில் வந்தார். மகாபலிபுரம் போகலாம் என்றார். உன் மகளும் மாப்பிள்ளையும் பைக்கில் முன்னால் கிளம்பிவிட்டார்கள். நீ உன் கார்ச் சாவியை எடுத்தாய். "உங்க வண்டி எதுக்கு சம்பந்தி? நம்ம வண்டியிலயே போலாம்" என்று அவர் சொன்னதும் சாவியை ஆணியில் திரும்ப மாட்டினாய். டேங்க் நிறைந்த, டயரில் காற்று சரிபார்த்த, பிரேக் பார்த்த உன் வண்டி வீட்டுக் கொட்டகைக்கடியில் சும்மா நின்றது. அவர் ஓட்ட, பக்கத்தில் நீ, பின்னால் உன் பெண்சாதி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அவர் மிதித்தார். உள்ளே காற்றுதான் இருந்தது. அவருக்குக் கை உடைந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் நீ.

அக்கா ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள். "பீச்சாண்ட வண்டியில ஏறும்போதே மூக்க மூக்க உறிஞ்சினாரு. பிரேக் புடிச்சினு கீதுடின்னு காதுல சொன்னாரு. அத அவராண்ட சொல்லுங்களேன்னேன். சும்மா இரு, பொண்ண குடுத்த எடம், அவங்க வண்டிய கொற சொல்லுவாங்களான்னாரு."

பெண்ணைக் கொடுத்த இடம்! பெண்ணைத்தானே கொடுத்தாய், உயிரையும் சேர்த்துக் கொடுப்பதாக எந்தத் தட்டில் வைத்து மாற்றினாய்? என்னைத் தெருவில் நிறுத்தி என் பைக் டயர் வழுக்கை என்று திட்டியவன், ஒரு பெட்டிக்கடையாண்ட நிறுத்துங்க, வெற்றிலை வாங்கணும் என்று சொல்லியாவது இறங்கியிருக்கக் கூடாதா? பொய் சொல்லவா உனக்குத் தெரியாது? மரியாதையாம். நீ காட்டிய மரியாதையைச் சம்பந்தி பார்க்கக்கூட இல்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். நான் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த சம்பந்தியிடம் போய், கடைசியாக பிரேக்கை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். "வண்டி நல்லாத்தாங்க ஓடிகினு இருந்துச்சி" என்று அழுதார். எழுதிவைத்தது உண்டா என்றேன். நம் பெரியவர்கள் என் தோளைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். "உன் மச்சான் பொண்ணு நாளைக்கி அங்க வாழணும். வாய மூடு." மூடினேன். மூடிய வாய் மூடியபடியே கிடந்தது, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

உன் காரை அக்கா எனக்குத்தான் கொடுத்தாள். நோட்டும் பேனாவும் அதோடு வந்தன. மீட்டர் எழுதாமல் நானும் இப்போது வண்டியை எடுப்பதில்லை. வகுத்தலை மட்டும் போன் பார்த்துக்கொள்கிறது. நூற்று நாற்பது திரும்ப வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பையனின் அப்பாவுக்கு வீடு கல்பாக்கம், அங்கேயே ஒரு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன் நல்லவனாகத்தான் தெரிந்தான், உன் மருமகளுக்கும் பிடித்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேச்சு முடிந்ததும் அவர் சொன்னார். "எல்லாரும் மகாபலிபுரம் வரைக்கும் போயிட்டு வருவோம். பிள்ளைங்க பேசிக்கட்டும். பொண்ணும் அம்மாவும் எங்க வண்டியிலயே ஏறிக்கட்டும்." உன் தங்கை செருப்பைத் தேட உள்ளே போனாள். உன் மருமகள் கார்க் கதவில் கையை வைத்துவிட்டாள்.

"சார், பிரேக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்றேன்.

"என்னது?"

"நீங்க வரும்போதே முன் சக்கரம் கொதிச்சிது சார். எத்தன கிலோமீட்டர்ல பார்த்தீங்கன்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருந்தா..."

அவர் மகனைப் பார்த்தார். மகன் செருப்பைப் பார்த்தான். "நாங்க பொண்ணு பார்க்க வந்தோமா, வண்டிக்கு எஃப்.சி. காட்ட வந்தோமா?"

"அப்பா, மானத்த வாங்காத" என்று உன் மருமகள் பல்லைக் கடித்தாள்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன் சார், எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்டுப் பழக்கம் என்று சிரித்து மழுப்ப வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் நினைப்பு வந்து விழுங்கினேன். எங்கள் வண்டியில் போகலாம் சார், உங்கள் வண்டி இங்கேயே நிற்கட்டும், காலையில் மெக்கானிக்கை வரச் சொல்கிறேன் என்றேன்.

"வாங்கி நாலு வருஷம் ஆச்சு. ஒரு ரிப்பேர் கிடையாது. பிரேக்ல இது வரைக்கும் கையே வைக்கல" என்றார் பெருமையாக.

"அதான் சார் நானும் சொல்றேன். கையே வைக்கல."

அவர் முகம் சிவந்துவிட்டது. வாசலுக்கு வந்த உன் தங்கையிடம், "உங்க வீட்டுக்காரர் என்னம்மா இப்படிப் பேசறார்?" என்றார். இந்தச் சம்பந்தத்துக்காக அவள் வேண்டாத சாமி இல்லை. எனக்கு விழப்போகிற அர்ச்சனைக்குத் தயாராக நின்றேன். அவள் நேராகப் போய் மகளின் கையைக் கார்க் கதவிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் இந்த மாதிரி வண்டியிலதான் சார் போச்சி. மரியாதைக்கி வாய மூடிகினு போச்சி. எம் பொண்ண நான் ஏத்த மாட்டேன். நீங்களும் ஏறாதீங்க."

அவர் ஏறினார். கதவை அடித்துச் சாத்தினார். பையன் மட்டும் ஏறும்போது சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தான், ஆனால் ஒன்றும் பேசவில்லை. அவனும் உன் ஜாதி போலிருக்கிறது. நாற்றத்தை எங்களுக்கு விட்டுவிட்டு வண்டி போய்விட்டது.

சம்பந்தம் போச்சே என்று வீட்டில் யாரும் அழவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. கல்பாக்கம் என்ன தூரம்? நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்தோம். கடைசியில் உன் மருமகள்தான், "போன் போடுப்பா, திட்டினா திட்டட்டும்" என்றாள்.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல சார். வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டீங்களான்னு..."

"வந்துட்டோம். இனிமே போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டார். "இன்னா சொன்னாரு?" என்றாள் உன் தங்கை. வந்துட்டாங்களாம் என்றேன். அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, உன் பெயரைச் சொல்லி ஒரே அழுகை. எட்ட நின்ற உன் மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை மச்சான். எரிச்சல்தான் வந்தது. அந்த ஆள் இந்நேரம் தன் வீட்டில் உட்கார்ந்து என்னைக் கண்டபடி திட்டிக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருப்பார். உன் சம்பந்தி அன்றைக்கு உன்னைத் திட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? நீயும் உன் வீட்டில் உட்கார்ந்து தின்றிருப்பாய். அடுத்து எவன் பெண் பார்க்க வந்தாலும் சக்கரத்தை முகர்ந்துவிட்டுத்தான் வாங்க என்பேன். இந்தத் தெருவில் எனக்கு என்ன பட்டப்பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும். ஆனால் உன் மருமகளுக்கு ஒரு நாள் கல்யாணம் நடக்கும். தாய்மாமனைக் கூப்பிடுங்க என்று மணவறையில் குரல் கொடுப்பார்கள். அப்போது நான் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது? அதைச் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம் நீ.