லாசருக்கு ஆகாத மாத்திரை

5-1-97, ஞாயிறு

கிளப்பில் நந்தகுமார் எல்லார் எதிரிலும் கேட்டான். "மாமா, நீங்க மாத்திரை போட்டுக்கினுதான் கேரம்ல ஜெயிக்கிறீங்களாமே?" செக்ரெட்டரி ஆனதும் வாய் நீண்டுவிட்டது.

ஆமாம் என்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது? ப்ரோப்ரனலால், காலை ஒன்று, இரவு ஒன்று. என் கை நடுங்குகிறது. டம்ளரைத் தூக்கினால் பாதி காபி வேட்டியில். என் அம்மாவுக்கும் இப்படித்தான். மின்வாரியத்தில் கம்பம் ஏறிய கை, ரிட்டயரானதும் ஸ்ட்ரைக்கரை நேராக வைக்க மாட்டேன் என்றது. அடையாறு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடங்கிற்று. அவ்வளவுதான்.

"நீ அந்த சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆட வா. நானும் மாத்திரையை விட்டுவிட்டு வருகிறேன்" என்றேன்.

பைனலில் எங்கள் ஜோடியோடு மோதப்போகும், இதே கிளப் கய்யூம் பாயே சிரித்துவிட்டார்.

7-1-97

சுப்புலக்ஷ்மி சொல்கிறாள், "எதுக்குங்க வம்பு? பைனல் முடியற வரைக்கும் நிறுத்திடுங்களேன்."

நிறுத்துவதா? முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள் பேசுகிற பேச்சா? இந்த மருந்தைத் திடீரென்று விட்டால் இதயம் தறிகெட்டு ஓடும். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். லஸ்ஸில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நர்ஸ் பாடப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தவன் நான். ரத்தக் கொதிப்பு, மார்வலி, ஒற்றைத் தலைவலி, நடுக்கம் எல்லாவற்றுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். பதறுகிற இதயத்தை அதட்டி உட்கார வைக்கும். பதிலுக்குப் பாதம் சில்லிட்டுப் போகும். மாடி ஏறினால் ஓய்ச்சலாக வரும். அது என் பாடு. நந்தகுமாருக்கு என்ன?

13-1-97, போகி

தெருவெல்லாம் டயர் புகை. லாசர் வந்தான். பதினோரு வருஷமாகப் போர்டில் எனக்கு எதிரே உட்காரும் ஜோடி. நொச்சிக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவன். பனிக்காலம் வந்தால் வீசிங், மூச்சிழுப்பு. இன்று அவன் நெஞ்சுக்குள் பூனை கத்துவது வாசலிலேயே கேட்டது.

"நைனா, கை ஆடுது பாரு. பைனல்ல மானம் பூடும். உன் மாத்திரை ரெண்டு குடு."

தர மாட்டேன் என்றேன். வீசிங் உள்ளவன் இதைத் தொடவே கூடாது, மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும். "உனக்கு ஆகாதுடா" என்றேன்.

"நீ துன்னா மருந்து, நான் துன்னா விஷமா?"

ஆமாம் என்றேன்.

"தோ பார்றா, பெரிய டாக்டரு. எட்டாங்கிளாஸ் டாக்டரு." போய்விட்டான்.

எட்டாம் வகுப்புதான். எட்டாம் வகுப்புக்காரன் சொன்னால் உண்மை பொய்யாகிவிடுமா?

15-1-97

லாசர் வரவில்லை. நான் ஏன் போக வேண்டும்?

19-1-97, ஞாயிறு

கை நடுங்குகிறது. மாத்திரை போட்டும் நடுங்குகிறது.

தி.நகர் மண்டபத்தில் பைனல். முதல் ஆட்டம் எங்களுடையது. இரண்டாவதிலும் முன்னால் இருந்தோம். லாசர் கை கல் மாதிரி நின்றது. அதைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரைக்கரை வைத்தவன் அடிக்கவில்லை. தோள் ஏறி ஏறி இறங்குகிறது. உதடு நீலம். அவன் சட்டைப் பையில் கைவிட்டேன். மாத்திரை அட்டை, ரெண்டு குழி காலி. என் மாத்திரையேதான். கடையில் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான்.

"பாதியில எழுந்தா கப் கய்யூம் பாய் ஜோடிக்குத்தான் மாமா" என்றான் நந்தகுமார். அடப்பாவி! மனுஷன் சாகக் கிடக்கிறான்டா!

நானும் கய்யூம் பாயும் அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். ஆஸ்பத்திரியில் நுழையும்போதே அட்டையை நீட்டிச் சொன்னேன்: "வீசிங் உள்ளவன், இதில் ரெண்டு போட்டிருக்கிறான்." டூட்டி டாக்டரம்மா ஓடினாள். வழக்கமான மருந்து சரியாக வேலை செய்யவில்லை. அது போகும் கதவையே இந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கிறதாம். வேறு மருந்து, ஆக்சிஜன். சாயங்காலம் கண் திறந்தான்.

20-1-97

ஆஸ்பத்திரி வாசலில் லூர்துமேரி. எப்போதும் அண்ணே என்பவள். "யோவ், என் புருசன இன்னாய்யா பண்ணே? உன் மாத்திரைதானே!"

"நான் கொடுக்கவில்லை."

"நீ துன்றத பாத்துதானே அது துன்னுச்சு!"

கொடுக்கவில்லை. கேட்டும் கொடுக்கவில்லை. எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

டாக்டரம்மா இன்னொன்று சொன்னாள். அவன் விழுங்கும் வீசிங் மாத்திரையே கையை நடுங்க வைக்குமாம். புகை தாங்காமல் அவனாகவே இரட்டிப்பாகப் போட்டிருக்கிறான். ஒரு மாத்திரை ஆட்டிய கையை நிறுத்த இன்னொரு மாத்திரை.

தர மாட்டேன் என்றது சரி. ஏன் ஆடுது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் —

22-1-97

மருந்துக் கடைக்காரனிடம் சண்டை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஏன் கொடுத்தாய்? வீசிங் உண்டா என்று கேட்டாயா?

"சார், கேட்டா அடுத்த கடைக்குப் போவாங்க."

"போகட்டும். அவனும் கேட்டால் அதற்கடுத்த கடை. எல்லாரும் கேட்டால் எங்கே போவான்?" கூட்டம் கூடிவிட்டது. சுப்புலக்ஷ்மி வந்து இழுத்துப்போனாள். நாளைக்கும் போவேன்.

26-1-97

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கமிட்டி கூட்டம். மாத்திரை போடுகிறவர் இனி போட்டியில் ஆடக் கூடாதாம். செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டால் மெம்பராக மட்டும் இருக்கலாமாம்.

"சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன் ஆடலாமா? கொதிப்புக்கு இதே மாத்திரை போடுகிறவன் ஆடலாமா? நோய்க்கு டாக்டர் கொடுத்ததும், கடையில் திருட்டுத்தனமாக வாங்கியதும் ஒன்றா?" என்று கேட்டேன். நந்தகுமார் கண்ணாடியைத் துடைத்தான். கய்யூம் பாய் மட்டும், "கப்பு நாங்க ஜெயிச்சது இல்லப்பா, கெடச்சது" என்றார். என் பெயரை அடித்தார்கள்.

அடிக்கட்டும். தப்பு என்று சொல்ல மாட்டேன்.

2-2-97

லாசர் வீடு திரும்பிவிட்டானாம். மீன் வாங்கப் போன இடத்தில் சுப்புலக்ஷ்மி கேள்விப்பட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

16-2-97, ஞாயிறு

மதியம் வாசலில் லாசர், "இன்னா நைனா, போர்டு கீதா, வித்துட்டியா?"

கட்டிலுக்கடியில் இருந்து எடுத்தேன். அவன் கை இன்னும் லேசாக ஆடுகிறது. வீசிங் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தொடுவதில்லையாம். சிவப்புக் காயை, அந்த ரெட் காயைக் குறிவைத்தான், ஓரத்தில் பட்டு நின்றது.

"நானும் கெயவன்தான், பாவம்னு உடேன்."

"விட மாட்டேன்."

ரெட் காயைப் போட்டேன். அதை உறுதியாக்கும் ஃபாலோ காயையும் போட்டேன். லாசர் திட்ட ஆரம்பித்தான். என் கையை, என் மாத்திரையை, என் பரம்பரையை. உள்ளே இருந்த சுப்புலக்ஷ்மி காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு, நீளமாக, ஒரே மூச்சில், நடுவில் ஒரு இழுப்பு இல்லாமல்.